பச்சை வர்ணம் பூசிய ஆணி

அத்தியாயம் ஒன்பது

"வீட்டுக்காரன் என்பவன் வெறுமனே வாடகை வாங்குகிறவன் அல்ல. தன் கூரையின் கீழ் தூங்குகிற ஒவ்வொரு உயிரின் மூச்சுக்கும் அவனே காவல்!"

ரேவன்கிளஃப் நகர வீட்டு உரிமையாளர் சங்கத் தலைவர் கிளிஃபர்ட் ஹெபிள்த்வெயிட் இப்படி முழங்கியபோது, அவர் கூரையின் கீழேயே மூச்சை விட்ட ப்ரையனி லம்பின் குழிமேட்டில் மண்கூட இன்னும் காயவில்லை. யார்க்‌ஷயரில் பிப்ரவரி மாதம் எந்த மண்ணும் காயாது என்பது வேறு விஷயம்.

சங்க விருந்துக் கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மேவிஸ், கறி அடைத்த சாசேஜ் ரோல் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்த ஆளின் செலவில் எதையாவது எடுக்காமல் எழுந்து போகவும் மனசு வரவில்லை.

"பாஸ், இந்த ஆளு பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஒரு வீட்டையே கட்டிடலாம்."

"அவர் எங்கே கட்டறார்? வாங்கறதோட சரி" என்றார் ஐவர் கிரிம்ஷா, உதட்டை அசைக்காமல்.

ஐவர், மரண விசாரணை நீதிமன்றத்தில் பல காலம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு 'தனியார் துப்பறிவு' என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டினார். ரேவன்கிளஃபில் காணாமல் போவதெல்லாம் பெரும்பாலும் பூனைகள் என்பதால், அவருடைய மேதைமையின் பலன் இதுவரை பூனைகளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். இப்போது அவருக்குக் கார் ஓட்டுகிறாள், டீ போடுகிறாள், அவரைக் கிண்டல் செய்கிறாள். கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது.

இந்தத் தடவை பூனை இல்லை. மேவிஸோடு அதே சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்த நோரா லம்பின் ஒரே மகள்தான் ப்ரையனி. பிராஸ்பெக்ட் தெருவில் ஹெபிள்த்வெயிட்டின் வீட்டில் தனியாகக் குடியிருந்தாள். புகைபோக்கியின் உச்சியைக் காக்கைகள் கூடு கட்டி அடைத்துவிட்டன. முன்னறையில் குளிர்காய மூட்டிய கரியடுப்பு கக்கிய கார்பன் மோனாக்சைடுக்கு வெளியே போக வழியில்லை. அது வாசனை இல்லாத வாயு. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் பாதி பின்னிய காலுறையோடு, ப்ரையனி தூங்கியவள் தூங்கியவள்தான்.

அப்படிப்பட்ட அடுப்பு இருக்கும் அறையில் அந்த வாயுவை மோப்பம் பிடித்துக் கத்தும் அலாரத்தை வீட்டுக்காரர்தான் மாட்ட வேண்டும் என்கிறது சட்டம். ஹெபிள்த்வெயிட்டிடம் பதில் தயாராக இருந்தது: "மாட்டினேன். குடி வந்த அன்னிக்கு அவ கண்ணு முன்னால பட்டனை அமுக்கிக் காட்டினேன். கத்துச்சு. அப்புறம் அவளாக் கழட்டி எறிஞ்சா நான் என்ன பண்ண?"

இதில் கொடுமை, நோராவும் அதையேதான் சொன்னாள்.

சாவதற்குச் சில நாள் முன்னால், ஜனவரியில், மகள் போன் செய்திருந்தாளாம். "அம்மா, அலாரம் ஒண்ணு கீச்சு கீச்சுன்னு கத்திட்டே இருக்கு. தூங்க விடமாட்டேங்குது." "பேட்டரியைப் பிடுங்கிட்டு எதுலயாவது தூக்கிப் போடுடி. காலையில வேலைக்குப் போகணும்ல" என்றிருக்கிறாள் நோரா. எந்த அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை மரண விசாரணை. அங்கே எழுந்து நின்று 'நான்தான் கழற்றச் சொன்னேன்' என்று சொல்லப் போவதாக நோரா முடிவு செய்துவிட்டாள். துப்பறியும் வேலையெல்லாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கெஞ்சினாள். மகளின் துணிமணிகளை எடுத்துவர வீட்டுச் சாவியை மட்டும் மேவிஸிடம் கொடுத்தாள்.

மேவிஸ் சாவியோடு துப்பறிவாளரையும் கூட்டிக்கொண்டு போனாள்.

*

முன்னறைச் சுவர் முழுக்க இளம்பச்சை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் ஒன்றும் இல்லை.

ஐவர் சட்டைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார்.

"பாஸ், அது ஆணி. பக்கத்துல போய்ப் பார்த்தாலும் ஆணியாத்தான் இருக்கும்."

"இந்தப் பச்சை யார் அடிச்சது மேவிஸ்?"

"அவளும் நோராவும்தான். போன ஆகஸ்ட்ல, குடி வந்த சூட்டோட. வீட்டுக்காரன் அடிச்சிருந்தா பழைய பல் கலர்ல இருக்கும். அந்தாளுக்கு வேற வர்ணமே தெரியாது. நோரா தலைமுடியில ஒரு வாரம் பச்சை இருந்துச்சு. நாங்க சிரிச்ச சிரிப்பு..." மேவிஸ் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சோம்பேறித்தனமா அடிச்சிருக்காங்க. ஆணியைப் பிடுங்காம அது மேலயே தூரிகையை இழுத்திருக்காங்க."

"செத்துப்போன பொண்ணைக் குத்தம் சொல்லாதீங்க."

"குத்தம் சொல்லலை. நன்றி சொல்றேன். இங்கே வா."

கதவோரம் கண்ணாடி மாட்டியிருந்த ஆணியைக் காட்டினார். அதன் மேலும் பச்சைதான். ஆனால் கண்ணாடியின் கயிறு உட்கார்ந்த இடத்தில் வர்ணம் தேய்ந்து, இரும்பு பளபளத்தது. பிறகு அடுப்போர ஆணிக்கு வந்தார். தலை முதல் அடி வரை பச்சைத் தோல், முட்டை ஓடு போல, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"ஆகஸ்டுக்கு அப்புறம் இந்த ஆணியில ஒரு குண்டூசி எடைகூடத் தொங்கினதில்லை" என்றார் ஐவர். "அப்படின்னா ஜனவரியில கீச்சுன்னு கத்தினது இங்கே இருந்து இல்லை."

மேவிஸ் சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். "அப்ப நோரா மேல தப்பில்லை?"

"பொறு. கத்தினது எது?"

அதற்கான விடை சமையலறைக் கூரையில் பாதிதான் இருந்தது. திருகி மாட்டிய ஒரு வட்டத் தட்டு. தட்டில் உட்கார வேண்டிய பொருளைக் காணோம். இழுப்பறை, அலமாரி, கட்டிலடி, குப்பைத்தொட்டி என்று எங்கே தேடியும் அகப்படவில்லை.

"கூரையில இருந்துச்சுன்னா புகை அலாரமாத்தானே இருக்கணும்?" என்றாள் மேவிஸ்.

"உனக்கும் எனக்கும் அது சரி. ஹெபிள்த்வெயிட் 'நான் மாட்டின விஷவாயு அலாரம் அதுதான்'னு சொல்லிட்டா? ரெண்டும் வெள்ளையா வட்டமாத்தான் இருக்கும். பொருள் கைக்கு வராம வெறும் தட்டை நீதிமன்றத்துல காட்டினா, சாப்பாடு எங்கேன்னு கேப்பாங்க."

*

இரண்டு வாசல் தள்ளி வெண்டி ஓல்ட்ராய்ட் குடியிருந்தாள். அதுவும் ஹெபிள்த்வெயிட்டின் வீடுதான். இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றி நாய். அவள் வீட்டு அடுப்போரமும் ஓர் ஆணி, அதே உயரத்தில். அதில் நாய்ச்சங்கிலி தொங்கியது.

"உட்காரு கண்ணு" என்றாள் ஐவரைப் பார்த்து. ஐவரை யாரும் கண்ணு என்று அழைத்துப் பல காலம் ஆகியிருந்ததால் அவர் உடனே உட்கார்ந்துவிட்டார்.

"அலாரமா? வந்துச்சே. குடி வந்த அன்னிக்கு அவரே கோட்டுப் பையில இருந்து எடுத்து அந்த ஆணியில மாட்டினாரு. பட்டனை அமுக்கினாரு. என்னா சத்தம்! சின்னவன் வீறிட்டு அழுதான். சமாதானம் பண்ண அவன்கிட்டயே கழட்டிக் கொடுத்தாரு. அவன் அதோட முதுகுல ஸ்ட்ராபெர்ரி ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டிட்டான். எனக்கு மானமே போச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் டீ குடிச்சாரு. கிளம்பும்போது அதை எடுத்துப் பையில போட்டுக்கிட்டாரு."

மேவிஸ் வாயைப் பிளந்தாள். "எடுத்துட்டுப் போறதை நீ பாத்தியா?"

"என் கண்ணு முன்னாலதானே போட்டாரு, கண்ணு."

"ஏன்னு கேக்கலையா?"

வெண்டி குழந்தையை இடுப்பு மாற்றி வைத்தாள். கன்னம் சிவந்துவிட்டது. "எப்படிக் கேக்கறது? டீ குடிச்சிட்டு, கேக் நல்லா இருந்துச்சுன்னு வேற சொல்லியிருக்காரு. வாசல் வரைக்கும் வந்த மனுஷனைப் பிடிச்சு 'அதை வச்சிட்டுப் போங்க'ன்னு சொன்னா, திருடன்னு சொன்ன மாதிரி ஆயிடாது? நல்லா இருக்காதேன்னு விட்டுட்டேன்."

தெருவில் இறங்கியதும் மேவிஸ் பல்லைக் கடித்தாள். "நல்லா இருக்காதாம் பாஸ்! இந்த ஊர்ல பாதிப் பேர் மரியாதையாலயே சாவாங்க."

"ப்ரையனியும் கேட்டிருக்க மாட்டா" என்றார் ஐவர்.

"மாட்டா" என்றாள் மேவிஸ். "நாலு பேர் காலை மிதிச்சாலும் அவதான் ஸாரி சொல்லுவா."

*

குன்றின் மேல் ஹெபிள்த்வெயிட்டின் மாளிகை. வரவேற்பறை முழுக்கக் கேடயங்கள்: பாதுகாப்பான இல்லம், பண்பான உரிமையாளர், பாராட்டு, பாராட்டு. மனிதர் தொப்பையை முன்னால் விட்டுக்கொண்டு வந்து கை குலுக்கினார்.

"மிஸ்டர் கிரிம்ஷா, அந்தப் பொண்ணுக்காக நானும் அழுதேன். சட்டத்துல சொன்னதை ஒரு வரி விடாம செஞ்சிருக்கேன். மாட்டணும்னு சொல்லுது, மாட்டினேன். குடி வர்ற அன்னிக்கு வேலை செய்யுதான்னு பாக்கச் சொல்லுது, பாத்தேன். இதுக்கு மேல சட்டம் என்கிட்ட என்ன கேக்குது?"

"மாட்டினதை விட்டுட்டுப் போகச் சொல்லி தனியாச் சொல்லலை, பாவம்" என்றாள் மேவிஸ். "அது தப்புதான். மனுஷங்களுக்காக எழுதின சட்டம் பாருங்க."

அவர் அவளைச் சமையல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். மேவிஸ் சமையல்காரியாகவே இருந்தவள் என்பதால் அது அவளை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே எங்கோ நாய் குரைத்தது.

"ஐயோ, நாயா? எனக்கு நாய்ன்னா உசுரு!" என்று அவள் எழுந்து உள்ளே நடந்துவிட்டாள். மேவிஸுக்கு நாயைக் கண்டால் ஆகாது.

டச்சஸ் என்ற அந்தப் பந்தய நாய்க்குத் தனி அறை, தனி மெத்தை, குளிருக்குத் தனியாக ஒரு கரியடுப்பு. அடுப்போரச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் வெள்ளையாக, வட்டமாக, ஓர் அலாரம்.

மேவிஸ் கழற்றித் திருப்பினாள். முதுகில் ஸ்ட்ராபெர்ரி.

ஹெபிள்த்வெயிட் பின்னாலேயே ஓடி வந்தார். அவர் குரலில் வெட்கம் இல்லை, நியாயம்தான் இருந்தது. "ஒரே நாள்ல ரெண்டு வீட்டுக்கு யாரும் குடி வர்றதில்லையே! எல்லாத்துக்கும் ஒண்ணு போதும்னு நினைச்சேன்."

"நாய் தினமும் குடி வருதோ?" என்றாள் மேவிஸ்.

"இந்த ஸ்டிக்கர் ஓல்ட்ராய்ட் வீட்டுக் கதை. ஒத்துக்கறேன், அங்கே நாளைக்கே புதுசு மாட்டிடறேன்." அவர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆனா லம்ப் பொண்ணுக்கு நான் தனியா வாங்கி மாட்டினேன். ஆணியில இல்லேன்னா கூரையில மாட்டியிருப்பேன். அவ கழட்டிட்டா. நான் சொல்லலை, அவளைப் பெத்தவளே சொன்னா. சவ அடக்கத்தன்னிக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்களுக்குக் கெட்ட பேர் வந்துடுச்சு, மன்னிச்சிடுங்கன்னு அழுதா. நாலு பேர் கேட்டாங்க."



மகளைப் புதைத்த அன்றைக்கு, புதைக்கக் காரணமானவனிடமே மன்னிப்பு. நோரா அதைத்தான் செய்திருப்பாள். மேவிஸுக்கு அதில் சந்தேகமே வரவில்லை. அந்த ஸ்ட்ராபெர்ரியை அந்த ஆள் நெற்றியில் ஒட்டிவிட்டு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

காரில் ஏறியதும் ஐவர் சொன்னார்: "திங்கட்கிழமை அவ வாயால சொல்லிட்டா, ஆணியும் நிக்காது, ஸ்ட்ராபெர்ரியும் நிக்காது. 'தானே அகற்றிக்கொண்டார்'னு தீர்ப்பு எழுதிட்டு அடுத்த கேஸுக்குப் போயிடுவாங்க. நான் எத்தனை பாத்திருக்கேன். கூரையில இருந்த பொருள் வேணும் மேவிஸ்."

"காக்கா தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

அவர் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

*

நோராவின் வீடு வெளித் தெருவைவிடக் குளிராக இருந்தது. கோட்டையும் கையுறையையும் போட்டுக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள், வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவள் மாதிரி. மகள் போனதிலிருந்து அடுப்பு மூட்டவில்லை.

ஐவர் ஆணியைப் பற்றிச் சொன்னார். வெண்டியைப் பற்றி, நாயறையைப் பற்றி, ஒன்று விடாமல் சொன்னார். பூனைக்காரர்களிடம் பேசும் தோரணை எதுவும் இல்லாமல் தணிந்த குரலில் சொன்னார். நோரா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"நீங்க நல்லவங்க சார். எனக்காகத் தேடித் தேடிச் சொல்றீங்க. ஆனா கழட்டினது நிஜம்."

"எப்படிச் சொல்றே?" என்றாள் மேவிஸ்.

நோரா மடியிலிருந்த கைப்பையைத் திறந்தாள். சமையலறைத் துணியில் சுற்றி, நூலால் கட்டிய ஒரு பொட்டலம். வெளியே எடுக்கவில்லை. திறந்த பையை அவர்கள் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"மறுநாள் காலையில அங்கே போனேன்ல. கரண்டி வைக்கற இழுப்பறையில, துணிக்கு அடியில இருந்துச்சு. நான் சொன்ன மாதிரியே பேட்டரியைப் பிடுங்கி, தனியா வச்சிருந்தா. சொன்னதைக் கேக்கற பொண்ணு." குரல் உடைந்தது. "பாத்ததும் துணியோட அள்ளிச் சுருட்டிட்டேன். போலீஸ் மறுபடி வர்றதுக்குள்ள எடுத்துட்டு வந்துட்டேன். யாரும் பாக்கக் கூடாதுன்னு தோணிச்சு. அப்புறம் வெட்கமாயிடுச்சு. திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் எடுத்து வச்சிடலாம்னு இருக்கேன்."

"அப்புறம் பிரிச்சுப் பாத்தியா?"

"எப்படிடி பாப்பேன்? ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கறேன். பிரிச்சதில்லை."

மேவிஸ் அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, பொட்டலத்தை எடுத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். வெள்ளையாக, வட்டமாக ஒன்று. அவள் படிக்காமலே ஐவரிடம் நீட்டிவிட்டாள்.

ஐவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார். பின்பக்கம் பார்த்தார். பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. பொருளின் பெயர் கொட்டை எழுத்தில் புடைத்து நின்றது.

"இது புகை அலாரம்மா" என்றார். "புகைக்கு மட்டும்தான் கத்தும். பேட்டரி தீரும்போது கீச்சு கீச்சுன்னு கத்தியிருக்கு, அவ்வளவுதான். ப்ரையனி எரிச்சது புகையில்லாக் கரி. அவளைக் கொன்ன வாயு இந்தச் சனியன் மூக்குக்கே எட்டாது. நீ கழட்டச் சொல்லாம இருந்திருந்தாலும், இது கூரையில தொங்கிக்கிட்டு அன்னிக்கு வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்திருக்கும். வேற ஒண்ணு இருந்திருக்கணும். அது அந்த ஆளோட நாய்கிட்ட இருந்துச்சு."

நோரா நீண்ட நேரம் அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிம்மதி வரும் என்று மேவிஸ் அந்த முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். வந்தது நிம்மதி இல்லை.

"அப்ப அவளுக்காக எதுவுமே கத்தலையா?" என்றாள் நோரா. "அவளை யாரும் எழுப்பவே இல்லையா?"

"இல்லைம்மா" என்றார் ஐவர்.

அப்போதுதான் நோரா அழுதாள். அடக்கத்தன்று அழுத அழுகை வேறு, இது வேறு. குற்றவாளியாக அழுதவள் இப்போதுதான் அம்மாவாக அழுதாள். மேவிஸ் அவள் கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, விறைத்த விரல்களைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள்.

வெகு நேரம் கழித்து நோரா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அந்தாள்கிட்ட மன்னிப்பு வேற கேட்டேனே மேவிஸ்" என்றாள்.

"திங்கட்கிழமை எல்லார் முன்னாலயும் திருப்பி வாங்கிக்கலாம். நானே கூட வர்றேன்."

நோரா எழுந்தாள். கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். வந்தவர்களைக் குளிரில் உட்கார வைத்துவிட்டேனே என்று முணுமுணுத்தபடி அடுப்பில் கரி போட்டாள், குச்சி வைத்தாள், தீக்குச்சி கிழித்தாள். கொஞ்ச நேரத்தில் அறை செம்மஞ்சளாக மாறியது. கெட்டிலை வைக்கப் போனாள்.

மேவிஸின் கண்கள், அன்று முழுக்கப் பழகிய பழக்கத்தில், அடுப்போரச் சுவரில் மேய்ந்தன. மறு சுவரில் மேய்ந்தன. அலமாரி மேலே பார்த்தன.

"நோரா, இங்கே அலாரம் எங்கே இருக்கு?"

"இங்கே எதுக்கு?" உள்ளேயிருந்து குரல் வந்தது. "இது வாடகை வீடு இல்லையே. அவரு இருக்கும்போதே வாங்கின சொந்த வீடு. சட்டமெல்லாம் வாடகைக்கு விடறவங்களுக்குத்தானே?"

அது சரிதான். சட்டம் அப்படித்தான் இருந்தது. மேவிஸ் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஐவர் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுல எங்கே பாஸ் மாட்டியிருக்கீங்க?"

ஐவர் கிரிம்ஷா குடியிருந்ததும் சொந்த வீடுதான். அங்கேயும் ஒன்று கிடையாது.